புகைக்கும் முகவரி உண்டு

காற்று மாசு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் ஆசிரியர் கேட்டிருந்தார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து வந்தவை. பதில் எழுத என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் வேலைக்காலம் முழுக்க ஒரு காற்று ஆய்வகத்தில் கழிந்தது. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் பக்கத்து மொட்டை மாடிகளில் இருந்த கருவிகளில் ஃபில்டர் தாள் மாட்டுவது, கழற்றுவது, எடை போட்டுக் கணக்கு எழுதுவது, இதுதான் என் வேலை. நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் தரவில்லை, தவறாக நினைக்க வேண்டாம்.

என் போனில் இருக்கும் ஒரு ஆப் வேளச்சேரிக் காற்று 149 என்று ஆரஞ்சு நிறத்தில் காட்டுகிறது. அதே நாளில் அரசின் ‘சமீர்’ ஆப் 92 என்று பச்சை காட்டுகிறது. எதை நம்புவது?
– மென்பொருள் ஊழியர், வேளச்சேரி

இரண்டையும் நம்பலாம் தம்பி. அளக்கிற தூசு ஒன்றுதான், அளவுகோல் வேறு. ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் 55 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்குப்படி அதன் காற்றுத் தரக் குறியீடு (ஏக்யூஐ) 149. நம் கணக்குப்படி 92 பக்கம் வரும். 2009ல் நம் நாட்டில் வகுத்த தரத்தில் ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரை போகலாம். அந்த 60தான் நம் குறியீட்டில் 100. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன ஒரு நாள் அளவோ வெறும் 15. ஆண்டு சராசரியை எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிது. அவர்கள் 5 என்கிறார்கள், நாம் 40 வரை அனுமதிக்கிறோம். பச்சை நிறத்தைப் பார்த்து மனம் ஆறிவிடாதீர்கள். ஆப்பில் உள்ளே போய் மைக்ரோகிராம் எவ்வளவு என்று பாருங்கள். நுரையீரலுக்குள் போவது அதுதான்.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்திய கருவி நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் காற்றை இழுக்கும். எட்டு மணி நேரத்தில் 500 கன மீட்டரைத் தாண்டிவிடும். ஓர் ஆள் ஒன்றரை மாதத்தில் சுவாசிக்கும் காற்று ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணாடி இழைத் தாளை ஈரம் போக ஒரு நாள் உலரவைத்து, எடை போட்டு, ஓரத்தில் எண் எழுதி மாட்டுவோம். மாட்டும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். கழற்றும்போது நிறத்தைப் பார்த்தே எந்த இடத்துத் தாள் என்று எங்களால் சொல்ல முடியும். ரோடு தோண்டிப் போட்ட இடத்துத் தாள் பழுப்பு. கன்டெய்னர் லாரி நிற்கும் சாலையோரத்துத் தாள் கறுப்பு, மை தடவியது போல இருக்கும். போகி முடிந்து எடுத்த தாள் எந்த இடத்ததாக இருந்தாலும் கறுப்பு. ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பது முக்கியம் என்று எனக்கு அப்போதே பட்டது. கீழே நான் சொல்லப் போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஒரு நாள் அழுகிய முட்டை நாற்றம், இன்னொரு நாள் கேஸ் கசிந்த மாதிரி நெடி. புகார் சொல்லி அதிகாரிகள் வருவதற்குள் நெடி போய்விடுகிறது. எங்கள் பகுதிக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?
– இல்லத்தரசி, எர்ணாவூர்

அம்மா, உங்கள் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சென்னை முழுவதற்கும் வேண்டிய மின்சாரம், பெட்ரோல், டீசல், உரம், கப்பல் சரக்கு இவற்றில் பெரும்பகுதி உங்கள் மூலையிலிருந்துதான் போகிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1960களிலிருந்து ஓடுகிறது. அதைச் சுற்றி ரசாயன ஆலைகள், உர ஆலைகள். வடக்கே போனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், பக்கத்தில் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். அவற்றின் சாம்பல் குளங்கள். நிலக்கரி இறக்கும் காமராஜர் துறைமுகம். தெற்கே திரும்பினால் கொடுங்கையூர் குப்பை மேடு. இத்தனையும் சில கிலோமீட்டருக்குள்.

இதில் ஒரு பகுதி வேறிடத்திலிருந்து வந்தது. முன்பு கரியெல்லாம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ராயபுரத்திலும் பாரிமுனையிலும் வீட்டுத் தரையைத் துடைத்தால் துணி கறுப்பாகும். மக்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2011 அக்டோபரில் அங்கே கரி கையாள்வது நின்றது. ராயபுரத்து மக்களுக்கு அது கிடைத்தே ஆக வேண்டிய நியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கரி குறையவில்லை, எண்ணூருக்குப் போனது. நகரத்துக்கு நடுவில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் பிரச்சினை தீர்ந்ததாகப் பேசினார்கள். மாசை இடம் மாற்றியதைத் தீர்வு என்று எண்ணிக்கொள்வது எனக்கு இன்றுவரை வருத்தம் தரும் விஷயம்.

சரி, ராத்திரியில் ஏன்? பகலில் தரை சூடாகிக் காற்று மேலே எழும், கடல் காற்றும் வீசும், புகை கலைந்துபோகும். இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு விழுந்துவிடும். அப்போது வெளியேறும் புகை மேலே போகாமல் வீட்டு உயரத்திலேயே தங்கும். அதோடு ஐப்பசி முதல் தை வரை காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் எண்ணூர்ப் புகை உங்களைத் தாண்டி நகரத்துக்குள்ளும் போகிறது. தி.நகரில் இருப்பவர் அதை நெடியாக உணர மாட்டார். ஆனால் அவர் மூச்சிலும் அது உண்டு.

அது எப்படி என்று கேட்டால், கரியில் கந்தகம் இருக்கிறது. எரியும்போது அது சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவாகிறது. சிம்னிக்கு முன்னால் இருக்கும் மின் வடிகட்டி சாம்பலைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வெளியே போன வாயு காற்றில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாக மாறும். அந்த வாயுவைப் பிடிக்கச் சுண்ணாம்புக் கல் கரைசலைத் தெளிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பொருத்தினால்தான் எட்ட முடியும் என்கிற அளவுக்கு அனல் நிலையங்களுக்கு வரம்பு விதித்து மத்திய அரசு 2015 டிசம்பரில் ஆணை போட்டது. இரண்டு வருடக் கெடு. பிறகு கெடு தள்ளிப்போனது, திரும்பவும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த அமைப்பே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஏன் இந்தக் கதி என்று கேட்டீர்களே அம்மா, புகையைப் பிடிக்கும் கருவி இல்லாததா, பிடிக்கச் சொன்ன ஆணையைப் பத்து வருடம் ஆறப்போட்டதா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, மணி, எவ்வளவு நேரம் இருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன நெடி, வீட்டில் யாருக்கு என்ன செய்தது. அழுகிய முட்டை என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சிலிண்டர் கசிந்த நெடி மெர்காப்டன் வகை. தீக்குச்சி உரசிய நெடியும் தொண்டைக் கரகரப்பும் சல்ஃபர் டை ஆக்சைடு. கண்ணும் மூக்கும் எரிந்து நீர் கொட்டினால் அம்மோனியா. சாக்கடைக் கால்வாயிலிருந்தும் முட்டை நாற்றம் வரும், அதனால் காற்றுத் திசையை எழுதுவது மிக அவசியம். கொடி கட்டிய கம்பம், காயப்போட்ட துணி, எதைப் பார்த்தாவது எழுதுங்கள். நீங்கள் மட்டும் எழுதினால் தனிப் புகார். நாலு தெருவில் பத்து வீடு ஒரே நேரத்தில் எழுதினால் நெடி எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து கிளம்புகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இது புதிதல்ல. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004லேயே செய்தார்கள். நெடி வந்ததும் குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் ‘நாற்றமெல்லாம் உங்கள் கற்பனை’ என்று அவர்களிடம் சொல்ல முடியாமல் போனது.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது உங்களுக்குத் தெரிந்ததே. அப்படிக் கண் எரிந்தால் நோட்டுப் புத்தகத்தைத் தேடாதீர்கள். ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே நடந்து வெளியேறுங்கள்.

மணி பிளான்ட், கற்றாழை வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகுமா?
– ஜவுளிக்கடை ஊழியர், மதுரை

ஆகாது. பழைய ஆராய்ச்சி ஒன்றில் மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் சோதித்ததை வைத்து வந்த பேச்சு அது. உங்கள் அறையில் பலன் தெரிய வேண்டுமானால் ஆள் நிற்க இடமில்லாத அளவுக்குச் செடி வேண்டும். அழகுக்கு வையுங்கள், தாராளமாக.

புகை என்றாலே லாரிக்காரனைத்தான் பிடிக்கிறார்கள். துறைமுகத்துக்குள் போக ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கிறோம். அந்தப் புகையை முதலில் குடிப்பதே நாங்கள்தான். எங்களைக் குறை சொல்லி என்ன பயன்?
– டிரெய்லர் ஓட்டுநர், மாதவரம்

ஐயா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். ஓடுகிற லாரியைவிட நிற்கிற வரிசைதான் எங்கள் தாளைக் கறுப்பாக்கியது. பத்தடி நகர, நிற்க, மறுபடி பத்தடி. எஞ்சினை அணைத்தால் முன்னால் வண்டி நகர்ந்ததும் பின்னால் ஹாரன். அணைக்காவிட்டால் டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர் கேபினுக்குள், டீக்கடைப் பெஞ்சில், சாலையோர வீட்டுத் தொட்டிலில் எல்லாம் அந்தக் கரி படிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை 2012லேயே புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. முதலில் அதை அனுபவிப்பவர் நீங்கள்தான்.

வரிசை ஏன் வந்தது? துறைமுகத்துக்கென்று தனிச் சாலை வேண்டும் என்று மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012ல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் பத்து வருடம் மொட்டையாக நின்றன. 2022ல் மறுபடி அடிக்கல். அந்தப் பத்து வருடமும் நின்ற லாரிகளின் புகைக்கு எந்த ஓட்டுநர் பொறுப்பு? கேட்டில் காகித வேலையைச் சீக்கிரம் முடிப்பது, நேரம் ஒதுக்கிக் கொடுத்து அந்த நேரத்துக்கு மட்டும் வண்டியை வரச் சொல்வது, கன்டெய்னரில் இன்னும் கொஞ்சத்தை ரயிலில் ஏற்றுவது, காத்திருக்க நல்ல லாரி முனையம் கட்டுவது, இவைதான் அங்கே புகையைக் குறைக்கும் வழிகள். ஓட்டுநருக்கு அபராதம் போடுவது மிகச் சுலபம், அதனால்தான் அதைச் செய்கிறார்கள்.

உங்கள் பக்கமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைத் தரம்) வண்டிகளில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும், சைலன்ஸர் பக்கம் கரி வடிகட்டி இருக்கும். செலவு மிச்சம் என்று அதை ஏமாற்றி ஓடவைக்கும் வேலையைச் சில இடங்களில் செய்கிறார்கள். உரிமையாளர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புகைச் சான்றிதழை நம்பி ‘என் வண்டி சுத்தம்’ என்றும் இருந்துவிட வேண்டாம். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும்தான் பார்க்கும். நைட்ரஜன் வாயுக்களை அது அளப்பதே இல்லை.

லாரியோடு நிறுத்தினால் நியாயமாகாது, மற்றவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி இருசக்கர வண்டிகள். பஸ் நேரத்துக்கு வராததால் கடன் வாங்கி ஸ்கூட்டி எடுத்தவர்கள் எத்தனை பேர்! 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது நான் மனதார மகிழ்ந்தேன். புகை விடாத பஸ் முதலில் வடசென்னைக்கு வந்தது சரியான முடிவு. ஆனால் மாநகரப் பேருந்துகள் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம். இந்த ஊருக்கு அது எந்த மூலைக்கு?

என் மகனுக்கு ஆறு வயது. மார்கழி, தை வந்தால் வீசிங். ஏர் ப்யூரிஃபையர் வாங்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கட்டுமா?
– வீட்டு வேலை செய்யும் தாய், வியாசர்பாடி

கடன் வாங்க வேண்டாம் தாயி. ஹெப்பா எனப்படும் நுண்ணிய வடிகட்டி வைத்த நல்ல கருவி, மூடிய அறையில் நுண்துகளைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கதவு ஜன்னலில் இடுக்கு இருந்தால் பலன் போய்விடும். வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது தனிச் செலவு. பள்ளிக்கூடத்துக்கும் தெருவுக்கும் அது கூடவே வராது.

செலவில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. அந்த மாதங்களில் விடியற்காலையும் முன்னிரவும்தான் காற்று மோசம், ஜன்னலை மதியம் திறந்து வையுங்கள். தாளிக்கும்போது பையன் சமையல் இடத்தில் இருக்க வேண்டாம். வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். போகிக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து மறுநாள் வெயில் ஏறும் வரை அவனை வெளியே விடாதீர்கள். 2018 போகி அன்று காலையில் புகை மூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியவில்லை. குழந்தையின் மூச்சுக்குழாய் எம்மாத்திரம்? மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், பழக்கமாகிவிடும் என்று யாராவது சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘என் பிள்ளைக்கு உடம்பு வாகு அப்படி’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் போக்குவரத்து நிறைந்த சாலைக்குப் பக்கத்தில் ‘எல்லா’ (Ella) என்ற பெயருடைய ஒரு சிறுமி இருந்தாள். ஒன்பது வயதில், 2013ல், ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் அம்மா விடவில்லை. மகள் சுவாசித்த காற்றைப் பற்றி விசாரிக்கச் சொல்லி வருடக்கணக்கில் நடந்தார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்த மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று பதிவு செய்தார். மூச்சுத் திணறலுக்கு வாகு ஒரு பங்கு இருக்கலாம், தெருவுக்கும் பங்கு உண்டு. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

டெல்லியில் வைத்த மாதிரி காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரம் சென்னையிலும் வைத்தால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்

அந்தப் பணத்துக்குப் பஸ் வாங்கலாம் ஐயா. டெல்லி கன்னாட் பிளேஸில் 2021 ஆகஸ்டில் திறந்த கோபுரம் ஏறக்குறைய 24 மீட்டர் உயரம், கோடிக்கணக்கில் செலவு. பக்கத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் பலன், தள்ளிப் போகப் போக ஒன்றுமில்லை. 2023ல் அது ஓடாமல் கிடந்து, உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் திரும்ப ஓட்டினார்கள். திறந்த வெளியில் காற்றை வடிகட்டுவது, மேலே குழாய் உடைந்திருக்கத் தரையைத் துடைப்பது போலத்தான்.

பெய்ஜிங்கைப் பாருங்கள். 2013ல் அங்கே பிஎம் 2.5 ஆண்டு சராசரி 89.5. பத்து வருடத்தில் 30 சொச்சத்துக்கு இறக்கினார்கள். நகரத்துக்குள் இருந்த பெரிய கரி மின் நிலையங்களை மூடினார்கள், வீட்டுக் கரி அடுப்புகளை மாற்றினார்கள், பழைய வண்டிகளை ஒழித்தார்கள், சுற்றியுள்ள மாகாணத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினார்கள். அவர்களுடைய ஆட்சி முறை வேறு, அதை நான் புகழவில்லை. ஆனால் சிம்னியில் கை வைத்தால் எண் இறங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் சருகையும் பிளாஸ்டிக்கையும் கூட்டி எரிக்கிறார். சொன்னால் சண்டைக்கு வருகிறார். துப்புரவுப் பணியாளர்களே எரிப்பதையும் பார்த்தேன்.
– வாசகர், அம்பத்தூர்

எரிப்பது சட்டப்படி குற்றம். மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்யலாம், படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் பணியாளர் மேல் கோபப்படும் முன் ஒன்று யோசியுங்கள். அவரிடம் வண்டி வருமா? வருகிற வண்டியில் சருகுக்கு இடம் இருக்குமா? கூட்டிய குவியல் மாலை வரை அங்கேயே கிடந்தால் திட்டு வாங்குபவர் அவர். எடுத்துப் போக வழி செய்து கொடுக்காத மேலிடத்தின் குறையை அவர் தீக்குச்சியால் தீர்த்துக்கொள்கிறார். வார்டு கவுன்சிலரிடம் சருகுக்குத் தனி வண்டியும் பூங்காவில் உரக்குழியும் கேளுங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் சட்டம் பேசுவதைவிட அவர் வீட்டுக் குழந்தையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பிளாஸ்டிக் தணலாகக் கனியும்போது டையாக்சின் என்கிற கொடிய நஞ்சு வரும், அதை முதலில் சுவாசிப்பது அவர் வீடுதான்.

எரிக்காமல் கலந்து கொட்டினாலும் புகைதான் முடிவு. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் குப்பை மேடு பற்றிக்கொண்டு பல நாள் எரிந்தது நினைவிருக்கும். காய்கறிக் கழிவும் சோறும் குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. மேலே பிளாஸ்டிக்கும் துணியும் கிடக்கின்றன. ஏப்ரல் வெயிலில் ஒரு பொறி போதும். துரைப்பாக்கம், பள்ளிக்கரணை வரை ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுங்கள் என்று மாநகராட்சி சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. நீங்கள் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் கலந்து கொட்டினால், அந்த இடத்திலேயே கேளுங்கள்.

தூத்துக்குடி, தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் ஊரில் நான் பார்த்தது சாலை பெருக்கும் எந்திரத்தையும் தண்ணீர் தெளிக்கும் லாரியையும்தான். திட்டம் அவ்வளவுதானா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

நன்றாகக் கவனித்திருக்கிறாய் கண்ணு. 2019 ஜனவரியில் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டிலிருந்து முதலில் உன் ஊர், பிறகு சென்னை, மதுரை, திருச்சியும் சேர்ந்தன. வெற்றி தோல்வியைப் பிஎம் 10 என்கிற பெரிய துகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பெரிய துகளில் மண் தூசு அதிகம். சாலையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால் அந்த எண் இறங்கும். நுரையீரலின் அடி வரைக்கும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும் நுண்துகள் எரிப்பதிலிருந்து வருவது. அது கரியிலும் டீசலிலும் இருக்கிறது, துடைப்பத்துக்கு அகப்படாது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024ல் கணக்குப் பார்த்தபோது, திட்டப் பணத்தில் 64 சதவீதம் சாலைத் தூசுக்குப் போயிருந்தது. தொழிற்சாலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூடப் போகவில்லை.

தூசு தட்டுவது தேவையில்லை என்று சொல்லவில்லை. துறைமுகச் சாலையில் மூடாத லாரியிலிருந்து சிந்தும் கரித்தூளைப் பெருக்கத்தான் வேண்டும். ஆனால் லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடச் செய்தால் பெருக்க வேண்டியதே பாதியாகுமே! உன் ஊர் மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி கேள்: பணம் எந்தெந்த இனத்துக்கு எவ்வளவு செலவானது, பிஎம் 2.5 மாத வாரியாக என்ன. வகுப்புத் தோழிகளோடு அந்தப் பதிலைப் படித்துப் பாருங்கள். வந்தால் எனக்கும் அனுப்பு.

ஒரு நாள் பட்டாசுக்காக எங்கள் பிழைப்பையே நிறுத்தச் சொல்கிறார்களே?
– பட்டாசுத் தொழிலாளி, சிவகாசி

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வருடம் முழுக்க எரியும் கரியைப் பற்றிப் பேசாதவர்கள் தீபாவளி அன்று மட்டும் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் மூச்சு நோயாளிகளுக்கு நிஜமாகவே ஆபத்தான நாள். 2018ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது, தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். பச்சை நிறத்துக்குச் சேர்க்கும் பேரியம் உப்புக்கும் தடை. அந்த மருந்தைக் கையால் கலந்துகொண்டிருந்த உங்கள் உடம்புக்கு அது நல்லது. தொழில் மாறும்போது இழப்பை ஈடு செய்ய வேண்டியது அரசு. அதை நீங்கள் கேளுங்கள், நாங்களும் கூட நின்று கேட்க வேண்டும்.

கொசுவர்த்திப் புகை கெடுதலா?
– வாசகி, புளியந்தோப்பு

கெடுதல்தான். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மூடிய அறையில், தூங்கும் குழந்தைகளின் தலைமாட்டில் அதைக் கொளுத்தி வைக்கிறோம். கொசுவலை கட்டிப் படுங்கள். தேங்கிய கால்வாயைத் தூர்வாரச் சொல்லி 1913ல் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.